வாண்டு ‘அம்மா’ என்று கத்தவில்லை

கீழே விழுகிற எவரும் ‘அம்மா’ என்றுதான் கத்த வேண்டும். இது எழுதப்படாத விதியாக இருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை. தாய்மை மனநல வாரியம் என்று ஒன்று வந்து அதை எழுதி வைத்தது. அதற்குப் பிறகு ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் பார்த்து விழ ஆரம்பித்தார்கள்.

வாண்டுக்கு நாலு வயது. பார்த்து விழத் தெரியாது. பாலர் பள்ளியின் சறுக்குமரத்தில் உச்சியிலிருந்து வழுக்கி வந்தவள், கீழே நின்ற பையன் மேல் மோதப்போகிற நேரத்தில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு “பிரேக்கு, பிரேக்கு” என்று கத்திவிட்டாள். அவளுக்கு முட்டியில் சிராய்ப்பு. பையனுக்கு மூக்கு வீங்கிவிட்டது. அவன் முறைப்படி ‘அம்மா’ என்று அலறினான். அவனைப் பெற்றவள் பிழைத்தாள். வாண்டைப் பெற்றவள் மாட்டிக்கொண்டாள்.

வாண்டின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். பள்ளி ஆசிரியை அவளைத் தனியே கூப்பிட்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

“பொண்ணு உங்களைக் கூப்பிடலைங்க. வேற எதையோ கூப்பிட்டா. நான் மேல சொல்லித்தான் ஆகணும். சொல்லலைன்னா, ஏன் சொல்லலைன்னு எங்க அம்மாவைக் கூப்பிட்டுக் கேப்பாங்க.”

பிரேக்கு விஷயம் ஒன்றும் ரகசியமில்லை. வாண்டு நடக்கப் பழகியபோதே ஓடவும் பழகிவிட்டாள். நிற்க மட்டும் பழகவில்லை. தையற்காரனான அப்பாவின் மெஷின் அறையிலிருந்து கிளம்பி அடுப்படியை நோக்கிப் பாய்வாள். பாதி வழியில் பயம் வந்து “பிரேக்கு” என்று கத்துவாள். அம்மா எங்கிருந்தாலும் வலது காலால் தரையை ஓங்கி மிதித்து, பேருந்து காற்று விடுவதைப் போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் போட்டு, குனிந்து அள்ளிக்கொள்வாள். அந்த வீட்டில் ‘அம்மா’ என்பது தண்ணீர் கேட்பதற்கான சொல். உயிர் போகிற அவசரத்துக்குப் ‘பிரேக்கு’.

வாரியத்திலிருந்து அழைப்பு வந்தபோது, இதை விளக்கிச் சொன்னால் போதும் என்றுதான் ஓட்டுநர் முதலில் நினைத்தாள். அந்தத் தைரியம் எதிர்வீட்டு நர்ஸைப் பார்க்கிறவரை நீடித்தது.

நர்ஸின் மகன் போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து “சிஸ்டர்” என்று கத்தினான். நாள் முழுவதும் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவன் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள், பிள்ளையும் பிடித்துக்கொண்டது. வாரியம் அவனை ‘மாற்று மடி’ இல்லத்துக்கு அனுப்பியது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பஞ்சு நாற்காலி. அதற்கு இரண்டு துணிக் கைகள். அந்த மடி வேலைக்குப் போகாது, கால் மரத்துப்போய் எழுந்திருக்காது, யாரோடும் சண்டை போட்டுவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. வாரியம் கனவு கண்ட தாய் அதுதான். பையன் குணமாகித் திரும்பி வந்தான். இப்போது நர்ஸைத் ‘தாயே’ என்று அழைக்கிறான். அழுகை வந்தால், “இப்போது அழலாமா?” என்று கேட்டுவிட்டு அழுகிறான்.

“போய்ட்டு வா. ஆனா அங்க எதையும் ‘சும்மா’ன்னு மட்டும் சொல்லிடாத. நான் சொல்லித்தான் மாட்டிக்கிட்டேன்” என்றாள் நர்ஸ். உள்ளே அவள் மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலையே வாண்டுக்குப் பயிற்சி ஆரம்பமானது. தையற்காரன் வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு மெத்தையை விரித்தான். வாண்டு ஆசையாக விழுந்தாள். விழுந்து “பிரேக்கு” என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது, அம்மா என்று சொல்ல வேண்டும் என்றார்கள்.

“நீ இங்கதானே நிக்கற. அப்புறம் எதுக்குக் கூப்பிடணும்?” என்று கேட்டாள் வாண்டு.

“விழுந்தா அம்மான்னு கத்தணும்டா கண்ணு. இல்லைன்னா…”

ஓட்டுநர் அதை முடிக்காமல் மெத்தையைத் தட்டிக் காட்டினாள். வாண்டு மறுபடியும் மறுபடியும் விழுந்தாள். கடைசியில் செய்தி வாசிக்கிறவர்களின் குரலில், நிறுத்தி நிதானமாக, “அம்மா” என்றாள். தையற்காரன் கைதட்டினான். ஓட்டுநர் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். கொட்டுகிற மழையில் வண்டி நிறைய ஆட்களோடு பாலத்தின் மேல் சறுக்கியபோதுகூட அவள் அழுததில்லை.

வாரியத்தின் வாசல் அகலமான நல்ல வாசல். ஆனால் தாய்மார்கள் அதில் நுழையக் கூடாது. பக்கத்தில் சிவப்புச் சாயம் பூசிய குறுகலான, இருட்டான வழி ஒன்று இருந்தது. அதன் பெயர் பிறப்பு வழி. தலையைக் குனிந்து, தோளைக் குறுக்கி, ஒருக்களித்துத்தான் அதில் போக முடியும். வாரியத்துக்குள் வரும் ஒவ்வொரு தாயும் தான் செய்தது என்ன என்று உணர வேண்டுமாம். நடுவில் சிக்கிக்கொள்கிறவர்களை மறுபக்கத்திலிருந்து ஓர் ஊழியர் கையைப் பிடித்து இழுத்துவிடுவார். அவருடைய பதவிக்குப் பெயர் மருத்துவச்சி. அவருக்கு நல்ல மீசை இருந்தது.

தையற்காரனைக் காவலர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். தகப்பனுக்கு உள்ளே வேலை இல்லை, அந்தப் பக்கம் பெஞ்சும் பேப்பரும் இருக்கின்றன என்றார். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நான்தான் என்று தையற்காரன் வாதாடினான். காவலர் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

“அதை உள்ள யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க வீட்டம்மாவுக்கு இன்னும் கெடுதல்.”

மேல் மாடியில் காத்திருக்கும் கூடம். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: ‘சும்மா என்று எதுவும் இல்லை.’ அதன் கீழே இரண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வீட்டோடு இருப்பவள். அவள் பிள்ளை அவள் முந்தானையை விடமாட்டேன் என்கிறது, ஆகவே பாசம் மிகை. இன்னொருத்தி அரை நாள் கடைக்கு வேலைக்குப் போகிறவள், அவளுக்கு ஊசலாட்டம். முழு நாள் வேலைக்குப் போகிற ஓட்டுநருக்குக் குறை என்பது எல்லோருக்கும் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது, சீருடையில் வந்திருந்தாள்.

“எல்லாரும் என்னைப் பாத்து ‘வீட்டுல சும்மாதானே இருக்கே’ம்பாங்க. நான் எதையுமே சும்மா செய்யலைன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது” என்றாள் வீட்டோடு இருப்பவள்.

அப்படியானால் இங்கே கூப்பிடப்படாத பெண் யார் என்று ஓட்டுநர் கேட்டாள். பிள்ளை இல்லாதவர்களாக இருக்கும் என்றாள் கடைக்காரி. வீட்டோடு இருப்பவள் தலையை ஆட்டினாள். அவர்களுக்கு இதற்கு மேலே தனி மாடி இருக்கிறதாம். அங்கே போனவர்கள் சீக்கிரத்தில் இறங்குவதில்லையாம்.

மூலையில் வயதான அம்மாள் ஒருத்தி டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வயதிலுமா என்று ஓட்டுநருக்குத் திக்கென்றது. உங்களையும் கூப்பிட்டார்களா அம்மா என்று கேட்டாள்.

“என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க? என் பையனுக்குச் சாப்பாடு கொண்டாந்தேன். இங்க அவன்தான் பெரியவன். வெளிச் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்காது.” சொல்லும்போது அவள் முகம் பூரித்தது.

வாண்டை ஓர் ஆயா தனியே கூட்டிப்போனாள். வாண்டு திரும்பிப் பார்த்தபடியே போனாள்.

வாரிய இயக்குநரின் அறையில் ஓட்டுநரைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். அவர் அவளுடைய தலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். பின்னாலிருந்து வருகிற குரல் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் கண்ணாடியில் பார்க்க முடியாத ஆளை அவள் இதுவரை வண்டியில் ஏற்றியதில்லை.

“பகல் முழுவதும் உங்கள் கை எதைப் பற்றியிருக்கிறது?” என்றது குரல்.

“ஸ்டியரிங்கைங்க.”

“இடது கை?”

“கியரைங்க.”

நாற்காலி கிரீச்சென்றது. “அந்தத் தண்டு உங்களுக்கு என்ன உணர்த்துகிறது?”

“ரெண்டாவது கியர் சிக்குதுங்க. டிப்போல சொல்லியாச்சு.”

பேனா வெகுநேரம் ஓடியது. பிறகு இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

“பெண் தன்னிடம் இல்லாத ஒன்றை எண்ணி ஆயுள் முழுவதும் ஏங்குகிறாள். அந்த ஏக்கம் ஆரோக்கியமானதாக இருந்தால் பிள்ளை பெற்று அதை மறக்கிறாள். ஆரோக்கியமற்றதாக இருந்தால் பேருந்து ஓட்டுகிறாள். இதை நான் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஒரு பெண்கூட ஒப்புக்கொண்டதில்லை. அது எவ்வளவு உண்மை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?”

“எங்க டிப்போல மத்த டிரைவர் எல்லாம் ஆம்பளைங்கதான் சார். அவங்க எதுக்கு ஏங்கறாங்க?”

“அவர்கள் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள்.”

 வாதாடுவதற்கு அவள் வரவில்லை. பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போக வந்தவள். அதனால் பணிவாக, அடுப்படிக்கு ஓடுகிற கதையை ஆரம்பித்து, வலது கால் மிதிப்பது, காற்று விடுவது, அள்ளிக்கொள்வது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, கேட்கிறவர் சிரித்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கைகூட வந்தது. அந்த நம்பிக்கையில் நாக்குப் புரண்டது.

“சும்மா ஒரு விளையாட்டுங்க.”

ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“சும்மா” என்றார் இயக்குநர். அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்ப்பவரைப் போல மறுபடியும் சொன்னார். “இதுவரை நீங்கள் சொன்னதெல்லாம் மறுப்பு. இது வாக்குமூலம்.”

“தப்பா சொல்லிட்டேன் சார்.”

“தப்பாகச் சொல்வதுதான் உண்மை. சரியாகச் சொல்வதெல்லாம் ஒத்திகை.”

மெத்தையும், செய்தி வாசிக்கிற குரலும், தையற்காரன் கைதட்டியதும் அவளுக்கு நினைவு வந்தன. நாம் ஒத்திகை பார்த்தது இவர்களுக்குத் தெரியும், எல்லாமே தெரியும் என்று நினைத்தாள். பயந்தவளுக்கு எதிராளி எல்லாம் அறிந்தவனாகத்தான் தெரிவான். வாரியம் பிழைப்பு நடத்துவதே அதில்தான்.

அடுத்தது வீழ்ச்சி அறை. நடுவில் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை, கீழே மெத்தை. பலகையின் மேல் பிள்ளையை நடக்க விடுவார்கள். மீசைக்கார மருத்துவச்சி ஒரு பிடியை இழுப்பார். பலகை சாயும். பிள்ளை விழும். என்ன கத்துகிறது என்று மூன்று பேர் காது கொடுத்துக் கேட்பார்கள்: இயக்குநர், ஒரு பேராசிரியர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம்பெண். தாய் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

வாண்டு பலகையின் மேல் ஏற்றப்பட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் சிறியவளாகத் தெரிந்தாள். சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது என்பதைப் போல அம்மா இருந்த திசையில் தலையை ஆட்டினாள். அம்மான்னு சொல்லு, அம்மான்னு சொல்லு என்று ஓட்டுநர் உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிடி இழுக்கப்பட்டது.

“பிரேக்கு” என்று வீறிட்டாள் வாண்டு.

ஓட்டுநரின் வலது கால் யாரையும் கேட்கவில்லை. தரை அதிர மிதித்தது. உதட்டிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ வந்தது. மெத்தையில் கிடந்த வாண்டு அழுவதற்காகப் பிதுக்கிய உதட்டை அப்படியே நிறுத்தி, சத்தம் வந்த பக்கம் திரும்பி, சிரித்தாள்.

“பார்த்தீர்களா? மிதிக்கிறாள்” என்றார் பேராசிரியர்.

இயக்குநர் தீர்ப்பை அங்கேயே சொன்னார். பிள்ளை எதையோ நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறது. எதை? தாயை. தாய் அதற்குப் பதிலாக மிதிக்கிறாள். பிள்ளை சிரிக்கிறதே என்று இளம்பெண் தயங்கிக் கேட்டாள். அச்சத்தின் கடைசிக் கட்டம் சிரிப்பு என்று இயக்குநர் விளக்கினார். இன்றைக்கே மாற்று மடி.

ஓட்டுநர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தைரியத்தில் வரவில்லை. அந்தப் பக்கம் நின்றால் மூச்சு முட்டிச் செத்துப்போவோம் என்ற பயத்தில் வந்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அவ என்னைத்தான் சார் கூப்பிட்டா. எனக்குக் கேட்டுது. உங்களுக்கு அந்த வார்த்தைதான் வேணும், எனக்கு என் பிள்ளை வேணும். வேலைக்குப் போனா குத்தம், வீட்டுல இருந்தா குத்தம், பிள்ளையே இல்லைன்னா மேல் மாடி. எப்படி இருந்தாலும் நாங்கதான் காரணம்னா, எதுக்கு சார் இந்தப் பலகையெல்லாம்?”

“எதிர்ப்பு” என்று இயக்குநர் சொல்ல, இளம்பெண் எழுதிக்கொண்டாள்.

“நீங்க விழுந்தா என்ன சார் கத்துவீங்க?”

இதைக் கேட்கிற எண்ணம் அவளுக்கே இருக்கவில்லை. இயக்குநர் புன்னகை செய்தார். குறையற்ற தாயிடம் வளர்ந்த மனிதன் எப்படி விழுவான் என்று இந்த ஊருக்கு ஒரு முறை காட்டத்தான் வேண்டும் என்றார். கோட்டைக் கழற்றிப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டுப் பலகையின் மேல் ஏறினார். நிமிர்ந்து நின்று, “கவனியுங்கள், அடிமனதின் ஆழத்திலிருந்து எழும் அந்த ஆதிச் சொல்…” என்று ஆரம்பித்தார். பலகையில் ஆள் ஏறினால் பிடியை இழுப்பது மருத்துவச்சியின் பழக்கம். இழுத்துவிட்டார்.

“எவன்டா அவன்?” என்று கத்திக்கொண்டே இயக்குநர் மெத்தைக்கு வெளியே விழுந்தார்.

 இயக்குநர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இளம்பெண்தான் முதலில் பேசினாள்.

“சார்… நீங்க அம்மான்னு சொல்லலை.”

இப்போது வாரியம் இடிந்து விழும் என்று ஓட்டுநர் நினைத்தாள். அவள் மட்டுமென்ன, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இயக்குநரின் முகத்தில் கலக்கம் வந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு தெளிவு வந்தது. இத்தனை வருஷமாகத் தேடிய ஒன்று கையில் கிடைத்த நிம்மதியோடு அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“அழைத்து வாருங்கள்” என்றார்.

கூடத்தில் கேரியரோடு உட்கார்ந்திருந்த அம்மாளைக் கீழே கூட்டிப்போய், முறைப்படி பிறப்பு வழியாக மறுபடியும் நுழையச் சொன்னார்கள். கேரியர் சுவரில் இடித்துக் கடகடவென்று சத்தம் போடுவது மேலே வரைக்கும் கேட்டது. தலை கலைந்து, தோளில் சிவப்புச் சாயம் ஒட்ட உள்ளே வந்தவள், மகன் முட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறி என்னடா கண்ணு ஆச்சு என்றாள்.

“அம்மா, விழும்போது நான் உன்னை அழைக்கவில்லை. ஏன்?” என்று கேட்டார் இயக்குநர்.

சற்று முன்பு கூடத்தில் பார்த்த பூரிப்பு அந்த முகத்திலிருந்து வடிந்துபோனது. அம்மாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவரும் இன்னும் குற்றம் சாட்டவில்லை. அவளாகவே ஆரம்பித்துவிட்டாள்.

“உனக்கு ஒரு வயசுல எனக்குக் காய்ச்சல் வந்து உன்னை அத்தைகிட்ட விட்டிருந்தேன். அதுவா இருக்குமாடா?”

இயக்குநர் கண்ணை மூடித் தலையசைத்தார்.

“ஒரு தடவை கை நீட்டிட்டேன். ஒரே தடவைதான். மைப்புட்டியை உடைச்சதுக்கு.”

“நான் சந்தேகப்பட்டதுதான்” என்றார் இயக்குநர். தன் தூக்கமின்மைக்கும், கிடைக்காமல் போன பரிசுக்கும், இப்போது முட்டி வலிக்கும் மூலம் தெரிந்துவிட்டது என்றார். பேராசிரியர் கைகொடுத்துப் பாராட்டினார். விசாரணை தொடர்ந்தது. நடுவில் இயக்குநருக்குப் பசித்தது. கேரியரைத் திறந்து பலகையின் மேல் பரப்பி வைத்துச் சாப்பிட்டார். அம்மாள் ஒவ்வொரு குற்றமாகச் சொல்லிக்கொண்டே, அவர் தட்டு காலியாகிறபோது பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள்.

ஓட்டுநருக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பயம் மட்டும் மிஞ்சியது. வாண்டுக்குத் தலை நரைத்த பிறகும் எந்தப் பலகையிலிருந்து அவள் விழுந்தாலும் நம்மைத்தான் தேடி வருவார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த அம்மாளைப் போல நாமும் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிடுவோமோ என்பதுதான் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

இளம்பெண் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். இயக்குநருடைய வழக்கு முடிகிறவரை மற்ற தீர்ப்புகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்றாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அதுவரைக்கும் நீங்க தற்காலிகத் தாய்ங்க” என்றாள்.

வெளியே போக மட்டும் அகல வாசல். தையற்காரன் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வாண்டு அம்மாவின் கையை உதறிவிட்டு அவனை நோக்கிப் படிக்கட்டில் பாய்ந்தாள். கடைசிக்கு முந்தின படியில் கால் தவறியது.

“அம்மா” என்று அலறினாள். செய்தி வாசிக்கிற குரல் இல்லை. நெஞ்சைக் கிழிக்கிற நிஜக் குரல்.

ஓட்டுநரின் வலது கால் அசையவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் அப்படியே நின்றாள். தையற்காரன்தான் பாய்ந்து பிடித்தான்.

“ஏன் பிரேக் போடலை?” என்று வாண்டு தேம்பினாள்.

“நீ கூப்பிடலையேடா.”

“கூப்பிட்டேனே. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே கூப்பிட்டேனே.”

ஓட்டுநர் படியிலேயே உட்கார்ந்து பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தப்பு என்மேல்தான் என்று சொல்ல வாய் திறந்தவள், அந்தச் சொல்லைப் பாதியில் விழுங்கினாள்.

“இனிமே வீட்டுல எப்பவும் போல பிரேக்குன்னே கூப்பிடு, என்ன?”

“வெளியில?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேல் மாடி ஜன்னலில் மீசைக்கார மருத்துவச்சி நின்று, காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளியில விழாத” என்றாள்.